வெள்ளையக்கவுண்டர் காட்டைத் தாண்டும் வரை

மலைச்சபைகளில் பாட்டு நடத்த உங்களில் சிலரை அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போவதற்கு முன் உங்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவனிடம் அறிவுரை கேட்பது மரியாதை. அவன் தராமல் இருப்பது அதைவிடப் பெரிய மரியாதை. ஆனால் இது யுத்த காலம். மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை, படிக்க விளக்கில்லை, பொழுது சாய்வதற்குள் செய்து முடிக்க வேறு வேலையும் எனக்கில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நீங்கள் கற்றுக்கொண்டு வந்ததை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. சுருதி பிடிக்கவும் தாளம் தட்டவும் உங்களுக்குத் தெரியும். எந்த ஆராதனைக்கு எந்தப் பாட்டு என்பதும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. பயிற்சிப் பள்ளியில் அந்த விதிகளை என்னைப்போல் ஒப்பித்தவன் கிடையாது. ஞானஸ்நானத்துக்கு எது, கலியாணத்துக்கு எது, அடக்கத்துக்கு எது என்று கேட்டால் இன்றைக்கும் தூக்கத்தில் சொல்வேன். அடக்கத்தில் வீட்டு வாசலில் ஒரு பாட்டு, குழியருகில் ஒரு பாட்டு. இரண்டுக்கும் நடுவே வழியில் பாட்டு கிடையாது; அமைதியாக நடக்க வேண்டும். இந்த விதியை எழுதியவர் சமதளத்தில் பிறந்து சமதளத்தில் செத்தவராக இருக்க வேண்டும்.

மலைமேல் குண்டனி நாட்டில் எங்கள் கோயில் புல் வேய்ந்த கொட்டகை. சேந்தமங்கலத்திலிருந்து ஏறிப் போனால் மூச்சு திரும்பி வருவதற்கே அரைநாள் ஆகும். சபையில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதனால் நான் ஒவ்வோர் அடியாகப் பாடிக் கொடுக்க வேண்டும், சபை அதை வாங்கிப் பாட வேண்டும். இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை முதல் அடியைப் பாடிக் கொடுத்தேன். ஒருவரும் வாங்கவில்லை. சுருதி உயரமோ என்று இறக்கிக் கொடுத்தேன். அமைதி. எல்லாரும் என்னை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் முறை கொடுத்துவிட்டு, "பாடுங்கள்" என்று கொஞ்சம் அதட்டினேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்மேல் இரக்கப்பட்டு, "இருங்க சாமி, சடையன் வரட்டும். ஆட்டைக் கட்டப் போயிருக்கறாரு" என்றார்.

சடையன் வந்தார். நடுவயது, நெடிய உடம்பு, எதற்கும் அவசரப்படாத முகம். உட்கார்ந்து, துண்டை மடியில் போட்டு, தொண்டையைச் செருமி, நான் கொடுத்த அடியைத் தனியாக எடுத்தார். அவர் பாதி அடி போனதும் மொத்தக் கொட்டகையும் இடிபோல் எடுத்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. களையெடுக்கும்போது பாடினாலும், நோம்பித் திருவிழாவுக்குப் பாடினாலும், அந்த ஊரில் முதலில் வாங்குவதற்கென்று ஒருவர் உண்டு. அவர் வாங்காமல் மற்றவர்கள் வாங்குவது, பெரியவர் கைவைக்கும் முன் சோற்றில் கைவைப்பது போல. நான் கொடுப்பவன், வாங்குகிறவர் சடையன். நான் இல்லாவிட்டால் அவர்கள் பாட்டு நடக்கும். அவர் இல்லாவிட்டால் என் பாட்டு நடக்காது.

புதிய சபைக்குப் போனால் பாதிரியாருக்கு வணக்கம் சொல்வதற்கு முன் உங்கள் சடையன் யார் என்று கண்டுபிடியுங்கள். பாதிரியார் கோபித்துக்கொள்வார். பரவாயில்லை.

அடுத்து ஆமென் விஷயம். கீழேயிருந்து மேற்பார்வையாளர் ஒருவர் டோலியில் ஏறி வந்தார். ஆராதனை முழுவதும் முகம் சுளித்தபடியே இருந்தார். மலைக்காரர்களுக்குப் பாட்டை முடிக்கத் தெரியவில்லை என்பது அவர் குறை. அது உண்மைதான். கடைசிச் சரணம் முடிந்தால் அவர்கள் மறுபடியும் பல்லவிக்குப் போவார்கள், அங்கிருந்து முதல் சரணத்துக்குச் சாய்வார்கள், யாருக்காவது இருமல் வந்தால் அதுதான் முடிவு. "பாட்டுக்கு வாசல் இருப்பது போல் கதவும் இருக்க வேண்டும்" என்றார் அவர். நான் கீழ்ப்படிகிறவன். பல வாரங்கள் ஆண்களை உட்காரவைத்துப் பழக்கினேன். கடைசி அடி, பிறகு ஒரே குரலில் ஆமென், பிறகு வாய் மூடி, கை முழங்காலில், மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. அவர்கள் அதை எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டார்கள் என்றால், ஆமெனுக்குப் பிறகு கொட்டகைக்கு வெளியே பலா இலை விழுவது கேட்கும். என் ஊழியத்தில் நான் முழு வெற்றி பெற்ற காரியம் அது ஒன்றுதான்.

பெண்களைப் பழக்கவில்லை. பெண்கள் பக்கம் பாதிரியார் மனைவியின் பொறுப்பு. அந்த அம்மாள் உடம்பு சரியில்லாமல் சேலத்துக்குப் போய் ஓர் ஆண்டுக்கு மேலாகியிருந்தது. பொறுப்பு அவரிடம் இருந்தது. பெண்கள் இங்கே இருந்தார்கள். நிர்வாகம் என்றால் அப்படித்தான்.

அந்தப் பெண்கள் செய்த காரியம் ஒன்று என் காதுக்கு வந்தது. அறுப்புப் பண்டிகைக்காக நான் சொல்லிக் கொடுத்திருந்த பாட்டை, களம் நிறைந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லும் பாட்டை, அவர்கள் உரலில் சாமை குத்தும்போது பாடிக்கொண்டிருந்தார்கள். சபைப் பெண்கள் மட்டும் இல்லை. சபைக்கு வராத வீடுகளிலும் அதைப் பாடித்தான் குத்தினார்கள். சபைப் பாட்டைச் சபைக்கு வெளியே எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு விதி உண்டு. அதில் உரல் இல்லை. விசாரித்ததில், தொடங்கிவைத்தது சடையனின் மனைவி பொன்னாயி என்று தெரிந்தது. போய்க் கேட்டேன்.

பொன்னாயி உலக்கையை நிறுத்தாமலே பதில் சொன்னாள். "தப்புங்களா பாட்டுக்காரய்யா? அந்தப் பாட்டுல உலக்கை தானா எந்திரிக்குதுங்க. உங்க மத்தப் பாட்டையெல்லாம் போட்டுப் பாத்தேன். ஒண்ணுலயும் எந்திரிக்கலீங்க."

கூடக் குத்திக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். தடுக்க நினைத்துத்தான் போனேன். ஆனால் அன்றைக்கு வெயில் அதிகம், எனக்கு அலுப்பாக இருந்தது. தடுக்கவில்லை.

புரட்டாசியில் பொன்னாயி காய்ச்சலில் செத்துப்போனாள்.

மலைக்காய்ச்சல். வந்த இரண்டாம் நாள் நினைவு தப்பியது, அடுத்த நாள் காலையில் போய்விட்டாள். பாதிரியாரும் அதே காய்ச்சலில் சேந்தமங்கலத்தில் படுத்துக் கிடந்தார். ஆக அடக்கம் என் தலையில். நான் கவலைப்படவில்லை. விதிகள் தெரியும் அல்லவா? வீட்டு வாசலில் போய் நின்றபோது விதியில் இல்லாத காரியம் அங்கே நின்றுகொண்டிருந்தது. பொன்னாயியின் அண்ணன் வெள்ளையக்கவுண்டர். ஊருக்குப் பெரியவர். சபையைச் சேர்ந்தவர் அல்ல. கண்கள் சிவந்திருந்தன, குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

சடையனின் நிலம் மேட்டில் இருக்கிறது. அதன் ஓரத்தில், ஒரு பலாமரத்தடியில், அவர்களுடைய ஒரே குழந்தையை முன்பே புதைத்திருந்தார்கள். பொன்னாயியையும் அங்கேதான் வைக்க வேண்டும் என்றார் சடையன். அங்கே போக ஒரே வழி, வெள்ளையக்கவுண்டரின் காட்டுக்குள் ஏறும் தடம். காடு என்றால் அங்கே சாமை விதைக்கும் மேட்டு நிலம். அந்தக் காட்டுக்கு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வேறு வழியே இல்லை. சாமை கதிர் பிடித்திருந்த நேரம்.

"ஏனுங்க பாட்டுக்காரய்யா, நான் என்ன கெட்டதாச் சொல்லிப்போட்டேன்?" என்றார் வெள்ளையக்கவுண்டர். "அவ எங்கூடப் பொறந்தவங்க. எம்பட காட்டு வழியாப் போகாம வேற எங்க போவா? போகட்டும். ஆனாச் சத்தத்தோட போகோணும். ஊமைப் பொணம் காட்டைத் தாண்டுனா கதிரு பதராப் போயிருமுங்க. எம்பட காடு மட்டுமில்லீங்க, இந்த மேட்டுல இருக்கற அத்தனை பேரு காடும். நாளைக்கு அவுங்க புள்ளைகுட்டிக்கு நான் கஞ்சி ஊத்த முடியுங்களா?"

சத்தம் என்றால் கொட்டு. சற்றுத் தள்ளி மரத்தடியில் கொட்டுக்காரர்கள் தோலைக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதிரியாரின் கட்டளையோ வேறு. சபையார் வீட்டுச் சாவில் கொட்டுச் சத்தம் கேட்டால், அந்த வீட்டுக்காரர் ஓராண்டு சபைக்கு வெளியே நிற்க வேண்டும். எந்தச் சபையிலும் எழுதி ஒட்டாத, ஆனால் எல்லாரும் அறிந்த விதி.

கொட்டினால் சடையன் வெளியே. கொட்டாவிட்டால் பொன்னாயிக்கு ஓடைக்கரை. ஏறி வந்த இடத்தில் காய்ச்சலில் செத்துப்போகும் மிளகு வியாபாரிகளையும் ஊர்பேர் தெரியாதவர்களையும் புதைக்கிற இடம் அது.

சடையன் என்னைத் தனியே அழைத்துப் போனார். "ஐயா, எனக்குக் கொட்டும் வேண்டாமுங்க, பாட்டும் வேண்டாமுங்க. அவ போயி அந்தக் கொழந்தகிட்டச் சேரோணும். ஓடைக்கரையில போட்டா மழைக்குத் தண்ணி மேல வருமுங்க. கொட்டுதான் வழின்னா கொட்டட்டும். நான் வெளிய நின்னுக்கறேன்" என்றார்.

இந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது எளிது. சரி என்று சொல்லிவிட்டு, கொட்டு அடிக்கும்போது ஒதுங்கி நின்று, பாதிரியாருக்கு அறிக்கை அனுப்பியிருக்கலாம். என்மேல் ஒரு குற்றமும் வராது. நம் வேலையில் குற்றம் வராத வழி எப்போதும் ஒன்று இருக்கும். அதைப் பார்த்த உடனே சந்தேகப்படுங்கள். சடையன் வெளியே நின்றால் ஓராண்டுக்கு அந்தக் கொட்டகையில் யாரும் வாய் திறக்கப் போவதில்லை. அதைவிட, பொண்டாட்டியைப் புதைத்த அன்றே ஒரு மனிதனை வாசலுக்கு வெளியே தள்ளுவதை நான் நின்று பார்க்க வேண்டும். என்னிடம் இருந்த சரக்கு ஒன்றுதான். அதை எடுத்து வைத்தேன்.

"பாட்டு சத்தம் இல்லீங்களா, கவுண்டரே?"

வெள்ளையக்கவுண்டர் அந்தத் துக்கத்திலும் சிரித்துவிட்டார். "உங்க பாட்டுங்களா? ஞாயித்துக்கெழமை கேட்டிருக்கறேனுங்க. நீங்க ஒரு அடி பாடுவீங்க. அப்பறம் மாப்ளை தொண்டையைச் செருமுவாரு. அந்த எடவெளியில பொணத்தை எறக்கி வெச்சு, வெத்தலை போட்டு, மறுக்காத் தூக்கிரலாம்."

கொட்டுக்காரர்களும் சிரித்தார்கள்.

"எடவெளி இல்லாமப் பாடினா?" என்றேன்.

அவர் சடையனைப் பார்த்தார். "கீழ்க்கல்லுல புடிச்சு மேல்கல்லு வரைக்கும். நடுவால சத்தம் அறுந்துதுன்னா அப்படியே திருப்பி ஓடைக்குக் கொண்டுபோயிரோணும். எந்தங்கச்சின்னும் பாக்க மாட்டேன். நான் மேல்கல்லுல நிக்கறேன்" என்றார். சொல்லிவிட்டு விடுவிடுவென்று மேட்டில் ஏறிப் போனார்.

ஒப்புக்கொண்ட பிறகுதான் எனக்கு அடுத்த இடி. சடையன் துண்டை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். அந்த ஊர் வழக்கம். பெண்டாட்டி மண்ணுக்குள் போகும் வரை புருஷன் வாய் திறக்கக் கூடாது. அவர் அதைச் சபைக்கு வந்த பிறகு விட்டுவிட்டதாக நான் நினைத்திருந்தேன். யாரையும் கேட்டதில்லை.

வாங்குகிறவருக்கு வாயில்லை. நான் யாருக்கு அடி கொடுப்பது?

பாடையைத் தூக்கினார்கள். காட்டின் கீழெல்லையில் நட்ட கீழ்க்கல் வரை ஊர்ப் பொதுத்தடம். அங்கே சத்தம் அறுந்தாலும் குற்றமில்லை. அந்த இடத்தில் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று, அடக்கத்துக்கு உரிய பாட்டைத் தொடங்கினேன். அருமையான பாட்டு. மெதுவாக, ஆழமாக, ஒவ்வோர் எழுத்திலும் நின்று போகும். முதல் அடியைக் கொடுத்தேன். ஆண்கள் தலைகுனிந்து நடந்தார்கள். எல்லார் கண்ணும் சடையனின் கட்டிய வாய்மேல். அடுத்த அடியையும் நானே பாடினேன். தூக்குகிறவர்கள் கால் வைப்பது அந்த மெதுநடையோடு சேரவில்லை. கொட்டுக்கு நடந்து பழகிய கால்கள். முன்னவர் ஓர் அடி வைத்தால் பின்னவர் ஒன்றரை வைத்தார். பாடை ஆடியது. மழைத் தூறலில் தடம் வழுக்கியது. பாட்டின் நான்காவது அடியில் எனக்கு இரைத்தது. இன்னும் ஏற்றமே தொடங்கவில்லை.

பின்னால் ஒரு பெண் முணுமுணுத்தது கேட்டது. "இதென்ன புள்ள, தாலாட்டா?"

கீழ்க்கல் வந்துவிட்டது.

தம்பிகளே, இந்த இடத்தில் எனக்கு ஞானம் பிறந்தது என்று எழுத ஆசைதான். பிறக்கவில்லை. நான் பார்த்தது தூக்குகிறவர்களின் கால்களை மட்டும். அந்தக் கால்களுக்கு ஏற்ற பாட்டு எது என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்த பாட்டுகளில் எதிலாவது எதையாவது தூக்க முடியும் என்று யாராவது என்னிடம் சொல்லியிருக்கிறார்களா? ஒருத்தி சொல்லியிருந்தாள். அவள் பாடையில் இருந்தாள்.

சுருதியை நன்றாக இறக்கி, அறுப்புப் பண்டிகைப் பாட்டைத் தொடங்கினேன்.

சாவு ஊர்வலத்தில், களம் நிறைந்ததற்கு நன்றி. ஆண்கள் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் தூக்குகிறவர்களின் கால்கள் நினைக்கவில்லை. இரண்டாவது தாளத்தில் நால்வரும் ஒரே காலை எடுத்து வைத்தார்கள். பாடை ஆட்டம் நின்றது. கல்லைத் தாண்டி ஏறினார்கள்.

முழுப் பாட்டையும் தனியாகப் பாடி ஏறுவது என்று முடிவு செய்திருந்தேன். மூச்சு எங்கே போகும் என்று தெரியவில்லை. பல்லவி முடிகிற இடத்தில் நெஞ்சு அடைத்தது. அந்த இடத்தில் பின்னாலிருந்து பெண்கள் எடுத்தார்கள்.

அவர்களுக்குச் சடையன் தேவைப்படவில்லை. உரலடியில் முதலில் வாங்குவதற்கென்று ஆள் கிடையாது; உலக்கை விழுந்தால் பாட்டு எழும். சபைப் பெண்கள், சபைக்கு வராத பெண்கள், வெள்ளையக்கவுண்டரின் மனைவி, எல்லாருமாக எடுத்தார்கள். பாட்டு எங்கோ அவர்கள் முன்னால் போவதுபோலவும், அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஏறுவதுபோலவும் இருந்தது. பெண்கள் எடுத்ததும் ஆண்களுக்குத் தைரியம் வந்தது. அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் இடையிடையே மூச்சு வாங்கினேன். யாரும் கவனிக்கவில்லை.

இருபக்கமும் சாமைக் கதிர். நடுவே பாடை போகும் அகலத்துக்கு மட்டும் தடம். மேலே, மஞ்சு மூட்டத்துக்குள், வெள்ளையக்கவுண்டர் கல்லின்மேல் ஒரு காலை வைத்துக் காதைச் சாய்த்து நின்றார். சரணங்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசிச் சரணத்தின் நடுவில்தான் தலையைத் தூக்கி மேல்கல்லைப் பார்த்தேன்.

பாட்டு முடியப் போகிறது. காடு முடியவில்லை.

கடைசி அடி வரும். ஆமென் வரும். அதற்குப் பிறகு இந்த ஆண்கள் என்ன செய்வார்கள் என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். வாரக்கணக்கில் உட்காரவைத்துப் பழக்கியவன் நான். ஆமெனுக்குப் பிறகு பிசிறில்லாத அமைதி. மேற்பார்வையாளர் விரும்பிய அமைதி. அந்த அமைதியில் வெள்ளையக்கவுண்டர் கையை உயர்த்துவார், பாடை திரும்பும், பொன்னாயி ஓடைக்கரைக்குப் போவாள்.

கையை ஆட்டினேன். நிறுத்தாதீர்கள் என்று சொல்வதற்குத்தான். ஆனால் என் கை உயர்ந்தால் முடிக்கப் போகிறோம் என்று அர்த்தம் என்பதையும் நான்தான் அவர்களுக்குப் பழக்கியிருந்தேன். எல்லாரும் நிமிர்ந்து தயாரானார்கள். பல்லவியை நானே மறுபடி எடுத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. குரல் எங்கேயோ கீழ்க்கல்லருகிலேயே தங்கிவிட்டது.

கடைசி அடி வந்தது. ஆண்கள் அனைவரும் ஒரே குரலில், அவ்வளவு அழகாக, ஆமென் என்றார்கள். வாயை மூடினார்கள்.

பெண்கள் நிற்கவில்லை.

உரலடியில் அந்தப் பாட்டுக்கு ஆமென் கிடையாது. குத்துகிற சாமை உமி நீங்கும் வரை பாட்டு சுற்றிச் சுற்றி வர வேண்டும். நடுவில் நின்றால் கை கனத்துப்போகும். கடைசி அடியின் வாலைப் பல்லவியின் தலையில் செருகி, மூச்சுக்கூட மாற்றாமல் திரும்பி ஏறினார்கள். ஆண்கள் அத்தனை பேரும் வாயை இறுக மூடி, ஒழுங்கும் மரியாதையுமாக, சத்தமில்லாமல் நடந்தார்கள். சத்தம் அவர்களுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டாம் சுற்றின் பாதியில் பாடை மேல்கல்லைத் தாண்டியது.

"நின்னுபோச்சே?" என்றார் வெள்ளையக்கவுண்டர். கேள்வியா தீர்ப்பா என்று தெரியாத குரல். "ஆம்பளைங்க நிறுத்திப்போட்டாங்களே?"

அவர் மனைவி முன்னால் வந்து நின்றாள். "ஏனுங்க, காது கேக்கலீங்களா? நாங்க மட்டும் வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தோம்? ஆம்பளை பாடுனாத்தான் சத்தமுங்களா? உங்க சாமைய வருசம் பூராக் குத்திப்போடறது யாருங்க?"

யாரும் சிரிக்கவில்லை. வெள்ளையக்கவுண்டர் கீழே தம் காட்டைப் பார்த்தார். பிறகு பாடையைப் பார்த்தார். கல்லைவிட்டு வந்து, முன்பக்கத்தில் தூக்கிக்கொண்டிருந்தவரை விலக்கி, மூங்கிலுக்குத் தம் தோளைக் கொடுத்தார்.

சாவில் அறுப்புப் பாட்டு பாடியதற்கு என்னிடம் பின்னால் விளக்கம் கேட்டார்கள். ஏற்றத்துக்குப் பொருந்தியது என்றேன். அப்படி ஒரு விதி இல்லையே என்றார்கள். இல்லைதான். கொட்டு அடிக்கவில்லை என்பதால் சடையன்மேல் நடவடிக்கை எடுக்க முடியவில்லை. என்மேல் எடுக்க முடிந்தது, கொஞ்சம் எடுத்தார்கள். அதைப்பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. நீங்கள் நன்றாகப் பழக்கிய காரியம் எதுவோ, அதுதான் என்றைக்காவது உங்கள் கழுத்தைப் பிடிக்கும். மோசமாகப் பழக்கியதை மக்கள் மறந்துவிடுவார்கள், ஆபத்தில்லை. இதற்கு என்ன பரிகாரம் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்திருந்தால் முதல் பத்தியிலேயே எழுதியிருப்பேன்.

குழி பலாமரத்தடியில் வெட்டியிருந்தது. பக்கத்தில் சின்ன மேடு ஒன்று, மேலே கல். குழியருகில் வாசிக்க வேண்டியதை வாசித்தேன். வாசித்தேன் என்பதைவிட உதட்டை அசைத்தேன் என்பது சரி. முன்வரிசையில் நின்றவர்களுக்குக்கூட எதுவும் கேட்டிருக்காது. இறக்கினார்கள். அடுத்து, விதிப்படி, குழியருகில் பாட வேண்டிய பாட்டு. அதை அடி கொடுக்க வேண்டியவன் நான். ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார்கள். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். இது அவர்களுக்குத் தெரிந்த பாட்டு இல்லை. நான் வாயைத் திறந்து மூடினேன்.

சடையன் குனிந்து ஒரு பிடி மண் போட்டார். வெள்ளையக்கவுண்டர் ஒரு பிடி போட்டார். வழக்கம் முடிந்தது. சடையன் வாய்த்துணியை அவிழ்த்து, இரண்டாக மடித்து, தோளில் போட்டார். அவர் அழப்போகிறார் என்று நினைத்தேன்.

தொண்டையைச் செருமினார்.

வாழ்நாளில் அவர் ஒரு பாட்டையும் தொடங்கியவர் அல்லர். யாராவது கொடுத்ததை வாங்கித்தான் அவருக்குப் பழக்கம். அன்றைக்குக் கொடுப்பார் இல்லாமல், குழியைப் பார்த்தபடி, அந்தப் பாட்டின் முதல் அடியைத் தானே எடுத்தார். சுருதி தப்பு. சபையால் எட்டவே முடியாத உயரம். மற்ற நாளாக இருந்தால் அங்கேயே நிறுத்தி இறக்கியிருப்பேன். அடியின் கடைசியில் குரல் உடைந்தது. உடைந்த குரலோடேயே முடித்துவிட்டு, யாராவது வாங்குவதற்காகக் காத்து நின்றார்.

முதலில் வாங்குகிறவர் கொடுக்கப் போய்விட்டார். அந்த இடத்தில் யார் நிற்பது? ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் வாங்கினேன். குரல் என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் இல்லை, காற்றும் கரகரப்பும்தான். பாதி அடி போனதும் எல்லாரும் எடுத்தார்கள்.